கல்லின் காலம்

சென்னை மாநகருக்குத் தெற்கே, தாம்பரத்தை அடுத்து மாடம்பாக்கம் என்னும் ஊர் உள்ளது. ஏரியும் வயலும் சூழ்ந்த சிற்றூராக விளங்கிய அஃது, இன்று தாம்பரம் மாநகராட்சியின் ஒரு பகுதியாகிவிட்டது. அவ்வூரில் தேனுபுரீசுவரர் கோயில் என்னும் பழமையான சிவன் கோயில் ஒன்று உண்டு. அதன் கருவறையின் பின்புறம் ஏனைய கோயில்களில் உள்ளதுபோல நேராக இராமல், படுத்துறங்கும் யானையின் முதுகுபோல வளைந்து நிற்கும். இவ்வமைப்பைத் தூங்கானை மாடம் என்று நம் முன்னோர் பெயரிட்டு வழங்கினர். அக்கோயிற் சுவரில் சோழர் காலத்துக் கல்வெட்டுகள் காணப்படுகின்றன.

கல்வெட்டு ஒன்றின் காலத்தை எவ்வாறு அறிகிறோம்? அக்காலத்தார் தொடர்ந்து எண்ணிவரும் ஆண்டுக் கணக்கைப் பெரும்பாலும் பொறிக்கவில்லை. இன்ன மன்னன் முடிசூடிய இத்தனையாவது ஆண்டு என்றே பொறித்தனர். இதிலும் ஓர் இடர்ப்பாடு உண்டு. சோழ மன்னர்கள் ஒருவர் விட்டு ஒருவராக இராசகேசரி, பரகேசரி என்னும் பட்டங்களைப் புனைந்துகொண்டனர். ஆகவே, வெறுமனே 'இராசகேசரிக்கு யாண்டு ஐந்து' என்றிருந்தால், அவ்வரசன் யாவன் என்று ஐயம் எழும். அந்நிலையில் எழுத்தின் வடிவத்தைப் பார்ப்பர். மெய்க்கீர்த்தி இருப்பின் அதில் கூறப்படும் போர்களைப் பார்ப்பர். வானநிலைக் குறிப்புகள் இருப்பின் அவற்றைக் கணித்துப் பார்ப்பர். இவ்வாறு பல சான்றுகளை ஒன்றோடொன்று ஒட்டிப் பார்த்தே கல்வெட்டறிஞர் ஒரு முடிவுக்கு வருகின்றனர்.

இங்ஙனம் எழுத்துள்ள கல்லே தன் காலத்தை எளிதிற் சொல்லாது என்றால், எழுத்தில்லாத கல்லின் காலத்தை அறிவது யாங்ஙனம்? இவ்வினா வீண் வினா அன்று. மாடம்பாக்கத்திலிருந்து வடக்கே ஏறத்தாழப் பத்துக் கிலோமீட்டர் தொலைவில் உள்ள பல்லாவரத்தில் கிடைத்த ஒரு கல், இவ்வினாவை நூற்றறுபது ஆண்டுகளுக்கு முன்னரே எழுப்பியது.

இராபர்ட் புரூஸ் ஃபூட் என்பவர் 1834ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பிறந்தவர். 1858ஆம் ஆண்டில் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையிற் சேர்ந்து தென்னாட்டிற்கு வந்தார். எங்கெங்கே எவ்வகைப் பாறை உள்ளது, எவ்வகை மண் படிந்துள்ளது என்று நடந்து நடந்து ஆராய்ந்து படம் வரைவதே அவருடைய பணி. 1863ஆம் ஆண்டு மே மாதம் 30ஆம் நாள், பல்லாவரத்துப் படைவீடு இருந்த இடத்தை ஒட்டிச் சரளைக்காகத் தோண்டிய ஒரு சிறு குழியின் அருகே அவர் சென்றார். குழியினின்றும் வாரிக் கொட்டியிருந்த செம்புறைச் சரளையில் ஒரு கல் அவர் கண்ணிற் பட்டது. ஆற்றுநீர் உருட்டிய கூழாங்கல்லுக்கு இல்லாத கூர்மை அதற்கு இருந்தது. வெயிலாலும் மழையாலும் பிளந்த கல்லுக்கு இல்லாத ஒழுங்கும் அதற்கு இருந்தது. யாரோ ஒருவர் வேறொரு கல்லைக் கையிற் கொண்டு, பக்கங்களைத் தட்டித் தட்டிச் சில்லு சில்லாகப் பெயர்த்து அமைத்த கருவி அது என்பதை ஃபூட் உணர்ந்தார்.

அக்குழியின் அருகே எத்தனையோ பேர் நடந்திருப்பர். சரளை அள்ளிய கூலியாளரும் அக்கல்லைத் தம் கூடையில் ஏந்தியே வந்து கொட்டியிருப்பர். அவர்களுக்கு அது கல். ஃபூட்டுக்கு அது கருவி. இவ்வேறுபாடு கண்ணின் கூர்மையால் மட்டும் விளைந்ததன்று. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, 1859ஆம் ஆண்டில், பிரான்சு நாட்டுச் சோம் ஆற்றுப் படுகையில் இத்தகைய கற்கருவிகள் அழிந்தொழிந்த விலங்குகளின் எலும்புகளோடு கிடைப்பது உண்மையே என்று ஆங்கில அறிஞர் நேரிற் சென்று பார்த்து உறுதி கூறியிருந்தனர். அச்செய்தியைக் கற்றிருந்தமையால், பல்லாவரத்தில் எதைத் தேட வேண்டும் என்பது ஃபூட்டுக்குத் தெரிந்திருந்தது.

அதே ஆண்டு செப்டம்பர் 28ஆம் நாள், அவரும் அவருடன் பணிபுரிந்த வில்லியம் கிங் என்பவரும் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தில், பூண்டி நீர்த்தேக்கத்தை அடுத்துக் கொசத்தலையாற்றின் அருகே உள்ள அதிரம்பாக்கம் என்னும் சிற்றூரை அடைந்தனர். அங்கே ஒன்றிரண்டல்ல, எண்ணிறந்த கற்கருவிகள் ஓடை அரித்த கரைகளிற் சிதறிக் கிடந்தன. இந்தியாவிலும் பழைய கற்கால மாந்தர் வாழ்ந்தனர் என்பது அன்று நிலைநாட்டப்பட்டது. ஃபூட் வாழ்நாள் முழுதும் திரட்டிய கற்கருவிகளின் பெருந்தொகுதி, சென்னை எழும்பூரில் உள்ள அரசு அருங்காட்சியகத்திற்கு வந்து சேர்ந்தது.

எல்லாம் சரி, அக்கருவியின் வயது என்ன? ஃபூட்டினால் அதற்கு விடை கூற இயலவில்லை. மேலே உள்ள மண் புதியது, கீழே உள்ள மண் பழையது என்று முன்பின் முறையை மட்டுமே அவர் கூற முடிந்தது. ஆண்டுக் கணக்கு அவருக்கு எட்டவில்லை. அவர் காலத்தில் உலகமே தோன்றி ஆறாயிரம் ஆண்டுதான் ஆயிற்று என்று நம்பியோர் ஐரோப்பாவிற் பலர் இருந்தனர் என்பதையும் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். ஃபூட் 1912ஆம் ஆண்டில் மறைந்தார். அவ்வினாவுக்கு விடை வர மேலும் தொண்ணூற்றொன்பது ஆண்டுகள் ஆயின.

தொல்பொருளின் காலத்தை அளப்பதற்குக் கரிக்கணிப்பு என்னும் முறை உண்டு என்பதை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். மரம் உயிரோடிருக்கும்போது காற்றிலிருந்து கரியை உட்கொள்கிறது. அக்கரியில் மிகச் சிறு பங்கு, தானே சிதைந்து குறையும் இயல்புடையது. மரம் பட்டபின் புதிய கரி உள்ளே புகுவதில்லை. இருந்தது குறைந்துகொண்டே போகும். 5,730 ஆண்டுகளில் அது பாதியாகும்; மேலும் 5,730 ஆண்டுகளிற் காற்பங்காகும். எஞ்சியதை அளந்து, கழிந்த காலத்தைக் கணிக்கலாம். இம்முறையைக் கண்டறிந்த வில்லார்டு லிபி என்னும் அமெரிக்க அறிஞர் 1960ஆம் ஆண்டில் வேதியியலுக்குரிய நோபெல் பரிசைப் பெற்றார். ஆனால், ஏறத்தாழ ஐம்பதினாயிரம் ஆண்டுகளுக்கு அப்பால் இம்முறை செல்லாது. அளப்பதற்கு ஒன்றும் எஞ்சியிராது. அன்றியும், கல்லில் ஒரு காலத்தும் உயிர் இருந்ததில்லை. ஆதலின், அதிரம்பாக்கத்துக் கல்லுக்கு வேறு கடிகாரம் வேண்டியதாயிற்று.

1999ஆம் ஆண்டு முதல் சாந்தி பப்பு என்னும் தொல்லியலறிஞர், சென்னையில் உள்ள சர்மா மரபுக் கல்வி மையத்தின் சார்பில், குமார் அகிலேசு முதலியோருடன் அதிரம்பாக்கத்தில் அகழாய்வு செய்தார். மேலே கிடக்கும் கற்களைப் பொறுக்கி எடுப்பது அவர்கள் நோக்கமன்று. அடுக்கடுக்காகப் படிந்த மண்ணைப் பல மீட்டர் ஆழம்வரை படிப்படியாக அகழ்ந்து, எந்த அடுக்கில், எந்த இடத்தில், எந்தக் கல் கிடந்தது என்பதை அவர்கள் ஒவ்வொன்றாகக் குறித்தனர். அடியிலுள்ள களிமண் அடுக்குகளில் மட்டும் 3,500க்கு மேற்பட்ட கற்பொருள்கள் கிடைத்தன. எருமை, குதிரை முதலிய விலங்கினங்களின் பற்கள் கல்லாய் மாறிய நிலையிற் கிடைத்தன. ஓரிடத்தில் ஈரக் களிமண்ணில் விலங்குகள் நடந்த கால்தடங்களும் அழியாது பதிந்திருந்தன.

இனி, அக்கற்களின் காலத்தை அளந்த வகையைச் சற்று விரிவாகக் காண்போம். மாணவர்கள் இப்பகுதியைப் பொறுமையுடன் படித்தல் வேண்டும்.

அதிரம்பாக்கத்துக் கருவிகள் குவார்ட்சைட்டு என்னும் வன்கல்லால் ஆனவை. விண்வெளியிலிருந்து நாள்தோறும் கண்ணுக்குப் புலனாகாத கதிர்கள் மண்ணுலகின்மீது பொழிந்தவண்ணம் உள்ளன. தரையின்மேல் கிடக்கும் கல்லின்மீது அவை பாயும்போது, அக்கல்லினுள் அலுமினியத்தின் ஒருவகை அணுவும் பெரிலியத்தின் ஒருவகை அணுவும் மிக நுண்ணிய அளவில் உண்டாகின்றன. இவ்விரண்டும் உண்டாகும் விகிதம் மாறாதது; பெரிலியம் ஒரு பங்கு உண்டானால் அலுமினியம் ஏறத்தாழ ஏழு பங்கு உண்டாகும். இரண்டும் நிலைத்திருக்கும் தன்மையன அல்ல; சிதைந்து குறைவன. அலுமினியம் ஏறத்தாழ 7 இலட்சம் ஆண்டுகளிற் பாதியாகும். பெரிலியம் பாதியாவதற்கு ஏறத்தாழ 14 இலட்சம் ஆண்டுகள் வேண்டும்.

ஒரு வீட்டில் இரண்டு குதிர்கள் உள்ளன என்று கொள்வோம். ஒன்றில் ஏழு கலம் நெல். மற்றொன்றில் ஒரு கலம் நெல். பெரிய குதிரிலிருந்து விரைவாகவும், சிறிய குதிரிலிருந்து மெதுவாகவும் நெல் குறைந்து வருகிறது. புதிய விளைச்சல் வந்துகொண்டிருக்கும்வரை இரண்டும் நிரப்பப்படும், ஒன்றும் தெரியாது. விளைச்சல் ஒரு நாள் அடியோடு நின்றுவிட்டால், அன்று முதல் இரண்டு குதிர்களுக்கும் உள்ள விகிதம் மாறத் தொடங்கும். பல நாள் கழித்து அவ்வீட்டுக்குள் நுழையும் ஒருவர், எஞ்சிய நெல்லை அளந்து பார்த்தே, விளைச்சல் நின்று எத்தனை நாளாயிற்று என்று கூறிவிடலாம் அல்லவா? கல்லும் அவ்வாறே. மண்ணுக்குள் ஆழமாகப் புதைந்த அன்று விண்கதிர் அதனை எட்டுவது நின்றுவிடுகிறது. அன்று முதல் அலுமினியம் விரைந்தும் பெரிலியம் மெல்லவும் குறைகின்றன. ஏறத்தாழ 14 இலட்சம் ஆண்டுகளில் அவற்றின் விகிதம் பாதியாகிவிடும். கல் எப்போது செதுக்கப்பட்டது என்பதை இது கூறாது. எப்போது புதைந்தது என்பதையே கூறும். ஆயினும், செதுக்காத கருவி புதையாது; ஆகலின், கருவி அதற்கு முற்பட்டது என்பது தெளிவு. பிரான்சு நாட்டு ஆய்வுக்கூடம் ஒன்றில் ஆறு கருவிகளை இவ்வாறு அளந்தனர்.

இம்முடிவு ஒன்றை மட்டும் நம்பி ஆராய்ச்சியாளர் அமைந்துவிடவில்லை. கல்வெட்டறிஞர் எழுத்தமைதியையும் மெய்க்கீர்த்தியையும் ஒட்டிப் பார்ப்பதுபோல, அவர்களும் இரண்டாவது சான்று ஒன்றைத் தேடினர். நீரில் கலங்கி மெல்லப் படியும் களிமண்ணில் இரும்பு கலந்த நுண்துகள்கள் உண்டு. படியும்போது அவை நிலவுலகின் காந்தத் திசையை நோக்கியே படியும். படிந்தபின் அத்திசையிலேயே உறைந்துவிடும். இந்நிலவுலகின் காந்தத் திசை இடையிடையே தலைகீழாக மாறுவதுண்டு. இறுதியாக மாறியது ஏறத்தாழ 7.8 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பாகும். அதிரம்பாக்கத்து அடி அடுக்குகளில் உள்ள துகள்கள் இன்றைய திசைக்கு நேர்மாறான திசையை நோக்கியிருந்தன. ஆதலின், அவ்வடுக்குகள் 7.8 இலட்சம் ஆண்டுகளுக்கும் முற்பட்டவை. அன்றியும், அத்தலைகீழ்க் காலத்தின் நடுவே, ஏறத்தாழ 10.7 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கிச் சிறிது காலம் காந்தத்திசை இன்றுபோல் இருந்தது. அதன் தடயம் அவ்வடுக்குகளிற் காணப்படவில்லை. எனவே, அவை அதற்கும் முற்பட்டவை என்று கொண்டனர்.

இரண்டு சான்றுகளும் ஒத்தன. 2011ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இம்முடிவு உலகறிய வெளியிடப்பட்டது. அதிரம்பாக்கத்துக் கைக்கோடாரிகள் குறைந்தது 10.7 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை. கணக்கின் சராசரியை நோக்கினால், 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை. அதற்கு முன்பு, இந்தியாவிற் கைக்கோடாரி செய்தோர் இதிற் பாதிக் காலத்திற்கும் பிற்பட்டவர் என்றே அறிஞர் பலர் எண்ணியிருந்தனர். இத்தகைய கைக்கோடாரிகளுள் உலகில் மிகப் பழமையானவற்றுட் சில ஆப்பிரிக்கக் கண்டத்துக் கென்யா நாட்டிற் கிடைத்தவை. அவற்றின் வயது 17.6 இலட்சம் ஆண்டுகள். இதனோடு ஒப்பிட்டால் அதிரம்பாக்கத்தின் பழமை நன்கு விளங்கும்.

அகழாய்வு அத்துடன் நிற்கவில்லை. மேலடுக்குகளில் முற்றிலும் வேறான கருவிகள் கிடைத்தன. அங்கே பெருங்கோடாரிகள் அருகிப்போய், சிறிய, மெல்லிய, கூரிய சில்லுகள் மிகுந்திருந்தன. கல்லைத் தட்டித் தட்டி எஞ்சியதைக் கருவியாகக் கொள்வது பழைய முறை. புதிய முறையோ, தாய்க்கல்லின் முகத்தை முன்னரே திட்டமிட்டுச் செப்பனிட்டு வைத்து, பின் ஓர் அடியில் வேண்டிய வடிவுள்ள சில்லைப் பெயர்த்தெடுப்பதாகும். கையின் வலிமையினும் கருத்தின் வலிமை இதற்கு மிகுதியாக வேண்டும். அடிப்பதற்கு முன்னரே வடிவம் மனத்தில் நிற்றல் வேண்டும் அல்லவா?

இவ்வடுக்குகளின் காலத்தை அளந்தவர்கள் அகமதாபாத்தில் உள்ள இயற்பியல் ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்தவர்கள். அவர்கள் கருவியை அளக்கவில்லை; கருவியைச் சூழ்ந்த மணலை அளந்தனர். மண்ணிலுள்ள இயற்கைக் கதிர்வீச்சின் ஆற்றல், புதைந்த மணல்மணியினுள் சிறிது சிறிதாகச் சேர்ந்துகொண்டே வரும். ஒழுகும் கூரையின் கீழ் வைத்த பாத்திரத்தில் சொட்டுச் சொட்டாக நீர் சேர்வதைப்போல என்க. அம்மணி வெயிலைக் கண்டவுடன் சேர்ந்த ஆற்றல் முழுதும் வெளியேறிவிடும். பாத்திரத்தைக் கவிழ்த்தது போலாகும். மறுபடியும் புதைந்தால் மறுபடியும் சொட்டத் தொடங்கும். ஆகவே, புதைந்து கிடக்கும் மணலை வெளிச்சம் படாத குழாயில் எடுத்துச் சென்று, இருட்டறையிற் குறிப்பிட்ட ஒளியை அதன்மேற் செலுத்தினால், சேர்ந்திருந்த ஆற்றல் மெல்லிய ஒளியாக வெளிப்படும். அவ்வொளியின் அளவே, மணல் இறுதியாகச் சூரியனைக் கண்ட நாளைக் கூறிவிடும்.

2018ஆம் ஆண்டில் வெளியான அம்முடிவின்படி, இப்புதிய முறைக் கருவிகள் அதிரம்பாக்கத்தில் ஏறத்தாழ 3 இலட்சத்து 85 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தோன்றிவிட்டன. இக்கணக்கில் 64 ஆயிரம் ஆண்டு முன்பின்னாக இருக்கலாம் என்பதையும் அவர்களே குறித்துள்ளனர். இந்தியாவிற்கு இம்முறை, ஏறத்தாழ 1 இலட்சத்து 25 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர், ஆப்பிரிக்காவிலிருந்து புறப்பட்ட இன்றைய மனித இனத்தாருடன் வந்தது என்று அதுவரை பலர் கருதினர். அக்கருத்தை அதிரம்பாக்கத்து மணல் அசைத்துவிட்டது. எனினும், அது முற்றும் வீழ்ந்தது என்று சொல்வதற்கில்லை. அறிஞரிடையே வாதம் நடந்துவருகிறது.

இவ்விடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லுதல் வேண்டும். அக்கருவிகளைச் செய்தோர் தமிழரா? இவ்வினாவை மேடைகளிற் சிலர் எழுப்பி, 'ஆம்' என்று தாமே விடையும் கூறிக் கைதட்டல் பெறுகின்றனர். அது பொருந்தாது. இன்றைய மனித இனத்தின் மிகப் பழைய எலும்புகளாக அறிஞர் பலர் கருதுபவை, மொராக்கோ நாட்டிற் கிடைத்தவை. அவற்றின் வயது ஏறத்தாழ 3 இலட்சம் ஆண்டுகள் என்று 2017ஆம் ஆண்டில் அறிவித்தனர். பதினைந்து இலட்சம் ஆண்டுகளுக்கு முன் கொசத்தலையாற்றங்கரையில் கல்லைத் தட்டியவர், தமிழர் அல்லர் என்பது மட்டுமன்று. நம்மைப் போன்ற மனித இனத்தினரும் அல்லர். நமக்கு முன் தோன்றி மறைந்த வேறொரு மாந்தரினத்தைச் சேர்ந்தவராதல் வேண்டும். அவருடைய எலும்பு ஒன்றும் அதிரம்பாக்கத்தில் இதுவரை கிடைக்கவில்லை. இந்தியா முழுவதிலும்கூட, அத்தகைய பழைய மாந்தரின் மண்டையோட்டுப் பகுதி ஒன்று, 1982ஆம் ஆண்டில் நருமதையாற்றங்கரையில் உள்ள அத்னோரா என்னும் ஊரிற் கிடைத்தது. அத்தகைய பேறு வேறெங்கும் எளிதில் வாய்க்கவில்லை. அவர் பேசினாரா, பேசினால் என்ன ஒலியிற் பேசினார் என்பதைக் கல் கூறாது. தமிழை வாழ்நாளெல்லாம் கற்பித்த எனக்கு, தமிழின் பழமையில் மகிழ்ச்சி இல்லாமற் போகுமா? ஆயினும், இல்லாத உறவைக் கற்பித்துப் பெறும் பெருமை, கடன் வாங்கி அணியும் நகையை ஒக்கும்.

தமிழரின் பழமைக்கு உரிய சான்றுகள் வேறு இடங்களில் உள்ளன. அவற்றுள் அண்மையில் வெளிவந்த ஒன்றைக் காண்போம். தூத்துக்குடி மாவட்டத்தில் சிவகளை என்னும் ஊர் உள்ளது. அங்கே தமிழ்நாட்டரசின் தொல்லியல் துறையினர் அகழ்ந்த முதுமக்கள் தாழிகளில் இரும்புப் பொருள்கள் கிடைத்தன. அவற்றோடு கிடைத்த கரித்துண்டுகளையும் பானையோடுகளையும் அமெரிக்க ஆய்வுக்கூடம் ஒன்றுக்கும், இலக்னோ, அகமதாபாத்து ஆகிய நகரங்களில் உள்ள ஆய்வுக்கூடங்களுக்கும் அனுப்பினர். கரித்துண்டின் காலத்தை அறியும் முறையை முன்னர்க் கண்டோம். பானையோட்டுக்கோ, வெயில் செய்யும் வேலையைச் சூளைத் தீயே செய்துவிடுகிறது. சூளையில் வெந்த நாளில் அதனுள் இருந்த ஆற்றல் வெளியேறிவிடுவதால், ஓட்டின் காலத்தையும் மணலின் காலம்போல அளக்கலாம். 2025ஆம் ஆண்டு சனவரி 23ஆம் நாள், இராசன், சிவானந்தம் என்னும் அறிஞர் இருவர் எழுதிய 'இரும்பின் தொன்மை' என்னும் நூலை முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் வெளியிட்டார். சிவகளைக் கரித்துண்டுகளுள் மிகப் பழையதன் காலம் கி.மு. 3345 என அந்நூல் கூறுகிறது.

இரும்பை உருக்கும் கலை, இன்றைய துருக்கி நாட்டுப் பகுதியில் கி.மு. இரண்டாம் ஆயிரத்தாண்டில் வளர்ந்து பிற நாடுகளுக்குப் பரவியது என்று வரலாற்று நூல்கள் நெடுநாளாகக் கூறிவந்தன. சிவகளைக் கணக்கு நிலைபெறுமானால் அந்நூல்களைத் திருத்தி எழுத வேண்டிவரும். ஆனால், அளக்கப்பட்டது இரும்பன்று. இரும்போடு கிடந்த கரி. மரம் பட்ட நாளைக் கரி கூறும். அம்மரத்துண்டு எத்தனை நாள் கழித்துத் தாழியினுட் புகுந்தது என்பதை அது கூறாது. அதே சிவகளையில் மற்றொரு தாழியிற் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று 2021ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. ஓர் ஊரிலேயே இரண்டாயிரம் ஆண்டு இடைவெளியுள்ள கணக்குகள் உள்ளன. அவ்விடுகாடு பல தலைமுறைகளாகப் பயன்பட்டிருக்கலாம். ஆகையால், பிற ஊர்களிலும் இத்தகைய பழங்கணக்குகள் மிகுதியாகக் கிடைக்க வேண்டும் என்று அறிஞர் எதிர்நோக்கியுள்ளனர். இவ்வாறு வினவுதல் தமிழரின் பெருமையைக் குறைப்பதாகச் சிலர் வருந்துகின்றனர். வழக்கு மன்றத்திற் குறுக்கு விசாரணைக்கு நின்று வென்ற சாட்சியே வலிய சாட்சி என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

மீண்டும் பல்லாவரத்திற்கு வருவோம். பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் எழுந்து நிற்கும் குன்றுகளின் கல்லுக்கும் ஒரு வரலாறு உண்டு. கல்கத்தாவில் உள்ள சோப் சார்னாக் என்பவரின் கல்லறைக் கல்லை 1893ஆம் ஆண்டில் தாமசு ஆலந்து என்னும் நிலவியலறிஞர் ஆராய்ந்தார். அக்கல் இப்பக்கத்துக் குன்றுகளின் கல்லை ஒத்திருப்பதைக் கண்டு, அக்கல்லினத்துக்குச் சார்னாக்கைட்டு என்று பெயரிட்டார். உலகெங்கும் உள்ள நிலவியல் நூல்கள் இன்றும் அப்பெயரையே வழங்குகின்றன. பரங்கிமலைப் பாறையை இந்திய நிலவியல் ஆய்வுத் துறை தேசிய நிலவியல் நினைவுச் சின்னங்களுள் ஒன்றாகப் போற்றுகிறது. இதன் வயதை அளக்கும் கடிகாரம், பாறையினுள் உள்ள யுரேனியம் ஈயமாக மாறும் கணக்காகும். அக்கணக்கின்படி இப்பகுதிப் பாறை ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன், நிலத்தின் ஆழத்தில் கடுவெப்பத்தில் உருவானது. அதன்முன் அதிரம்பாக்கத்துக் கோடாரி நேற்றுச் செய்த பொருளே ஆகும்.

இக்குன்றுகளை நெடுங்காலம் வெடிவைத்துப் பிளந்து, சாலைக்கும் கட்டடத்துக்கும் சல்லியாக எடுத்துச் சென்றனர். அவ்விடங்களில் ஆழ்ந்த பள்ளங்களில் இன்று நீர் தேங்கி நிற்கிறது. ஃபூட் குனிந்து கல்லெடுத்த பல்லாவரமோ, வீடுகளும் கடைகளும் இடைவெளியின்றி நெருங்கிய நகரமாகிவிட்டது. வீடு வேண்டாம் என்று யாரும் கூற முடியாது. மக்கள் எங்கேனும் வாழ்தல் வேண்டும். ஆனால், அடித்தளத்திற்காகத் தோண்டும் மண்ணை வண்டியில் வாரிக்கொண்டுபோய் வேறிடத்துப் பள்ளத்திற் கொட்டும்போது, அதிலுள்ள கருவி தன் அடுக்கைவிட்டு நீங்குகிறது. அடுக்கைவிட்டு நீங்கிய கருவி, கையெழுத்தும் நாளும் இல்லாத கடிதத்தை ஒக்கும். அதனை எழும்பூர் அருங்காட்சியகத்துப் பேழையில் வைத்துக் காட்டலாம். அதன் காலத்தைக் கேட்டால் யாராலும் சொல்ல இயலாது. பல்லாவரத்தில் ஃபூட் எடுத்த கருவியே அதற்குச் சான்று. அதற்கு நெடுநாள் பின்னர் அகழ்ந்த அதிரம்பாக்கத்துக் கருவிகளுக்கு ஆண்டு கூற முடிந்தது. குழியினின்றும் வெளியே கொட்டப்பட்டுக் கிடந்த பல்லாவரத்துக் கருவிக்கு அவ்வாறு கூற முடியவில்லை.

செங்கற்பட்டு, திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டங்களின் செம்புறை மண்ணில் இத்தகைய கருவிகள் இன்னும் ஆங்காங்கே கிடக்கின்றன. கைக்கோடாரி உள்ளங்கையில் அடங்கும் அளவினதாகவும், அதனினும் பெரியதாகவும் இருக்கும். ஒரு முனை கூர்ந்தும், மறுமுனை பிடிப்பதற்கு ஏற்றவாறு பருத்தும், மாங்கொட்டைபோல இருபுறமும் நடுவில் புடைத்தும் இருக்கும். உற்று நோக்கினால், இருமுகத்திலும் சில்லுகள் பெயர்ந்த குழிவுகள் அடுத்தடுத்துத் தோன்றும். இயற்கையாகப் பிளந்த கல்லில் அக்குழிவுகள் இருபுறமும் ஒழுங்காக அமைவதில்லை. அத்தகைய கல் ஒன்று ஏரிக்கரையிலோ ஓடைக்கரையிலோ மண்ணிற் பதிந்து கிடக்கக் கண்டால், அதனைப் பிடுங்கி எடுத்துக் கழுவிப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவருதல் கூடாது. கிடந்த இடத்திலேயே விட்டு, அருகில் உள்ள மரத்தையோ பாறையையோ அடையாளமாகக் குறித்துக்கொண்டு, ஆசிரியரிடம் கூறுதல் வேண்டும். அவர் மாநிலத் தொல்லியல் துறைக்கு எழுதுவார். கல்லைச் சூழ்ந்துள்ள மணலை வெயில் படாமல் குழாயில் எடுக்க வேண்டியவர்கள் அத்துறையினர். அம்மணலைக் கிளறிவிட்டால், பல இலட்சம் ஆண்டுகளாகச் சேர்ந்த கணக்கு ஒரு நொடி வெயிலில் அழியத் தொடங்கிவிடும்.